வெறுமையான கல்லறையைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?



உயிர்த்த ஞாயிறைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதை நாம் பெரும்பாலும் மறைக்கல்வி வகுப்போடு விட்டுவிடுகிறோம். ஆனால் வகுப்பில் கேட்காத கேள்வியைப் பிள்ளை வீட்டில், அதுவும் படுக்கப்போகும் நேரத்தில்தான் கேட்கும். மாலை போடாமல் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி, "இயேசு சாமி மூன்றாம் நாள் எழும்பினாரே, மாமா ஏன் இன்னும் வரவில்லை?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

எமது மாத்தளை மாவட்டத்திலும் 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து வன்னிக்குப் போன தோட்டக் குடும்பங்கள் உண்டு. போன இடத்திலும் போர் அவர்களை விட்டுவைக்கவில்லை. 2009க்குப் பிறகு சொந்தங்களைத் தேடி இங்கே திரும்பியவர்களின் வீடுகளில் இந்தக் கேள்வி கதைப்புத்தகக் கேள்வி அல்ல.

"சாமி கூப்பிட்டுக்கொண்டார்", "தூரதேசம் போய்விட்டார்" என்று சமாளிப்பது எமது வழக்கம். பிள்ளை அழாமல் இருக்கட்டும் என்ற அன்பில் சொல்வதுதான். ஆயினும் அதைக் கேட்ட பிள்ளை சாமியோடு கோபித்துக்கொள்கிறது, அல்லது ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. உயிர்ப்பின் கதை அப்படிச் சமாளிக்கவில்லை. வெள்ளிக்கிழமை இயேசு உண்மையாகவே இறந்தார், அடக்கம் செய்தார்கள். சனிக்கிழமை ஒன்றுமே நடக்கவில்லை. வெள்ளியிலிருந்து நேரே ஞாயிறுக்குத் தாவாமல் அந்தச் சனிக்கிழமையையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் காத்திருப்பது எப்படிப்பட்டது என்பதை எங்களைவிட யார் நன்றாகச் சொல்லமுடியும்?

கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள். நான்கு நற்செய்திகளும் இதில் ஒன்றுபடுகின்றன. உடலுக்குச் செய்யவேண்டிய கடைசிக் கடமையைச் செய்ய நறுமணப் பொருட்களோடு போகிறார்கள். வாசலில் உள்ள கல்லை யார் புரட்டுவார் என்பதுதான் அவர்களுடைய கவலை. அவர்கள் வந்து சொன்னதை ஆண்கள் முதலில் நம்பவில்லை என்று லூக்கா எழுதுகிறார் (இன்றும் எத்தனை அலுவலகங்களில் அதே கதைதான்!). மகதலா மரியாளின் அழுகையோ வேறு. உடலை எடுத்துவிட்டார்கள், எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை என்பதே அவருடைய முறைப்பாடு. 2017இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் உட்கார்ந்த தாய்மார் கேட்டதும் இதையேதான். 2012 நவம்பரில் எமது மாத்தளை வைத்தியசாலை வளவில் மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புகள் வெளிவந்தன. 150க்கும் மேற்பட்டோருடையவை. அப்போது 1980களின் இறுதியில் பிள்ளைகளைத் தொலைத்த குடும்பங்கள் பதில் தேடி முன்வந்தன. பெண்கள் உடலைத் தேடுவது பழைய கதை என்றும், அந்தத் தேடல் வீண் வேலை அல்ல என்றும் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

ஆனால் மாமாவும் அப்படியே எழும்பி வருவார் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மாமா எங்கே என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். சாவு இறுதி வார்த்தை அல்ல, இறந்தோர் கடவுளிடம் வாழ்கிறார்கள் என்பதே திருச்சபையின் நம்பிக்கை. உயிர்த்த இயேசுவின் கைகளில் காயங்கள் அப்படியே இருந்தன. தோமாவுக்கு அவற்றைத்தான் காட்டினார். ஷெல் துண்டு பட்ட தழும்பு அம்மாவின் காலில் இருந்தால், அதைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு இந்த இடம் உடனே விளங்கும்.

செய்துகாட்டினால் சிறுவர்களுக்கு இன்னும் நன்றாகப் பதியும். பெரிய வியாழன் இரவு பேசினில் தண்ணீர் வைத்துப் பிள்ளைகளின் கால்களைக் கழுவுங்கள், பிறகு அவர்கள் உங்கள் கால்களைக் கழுவட்டும். வெள்ளிக்கிழமை கஞ்சி. சனி இரவு விளக்கை அணைத்து ஒரு மெழுகுதிரி மட்டும் ஏற்றுங்கள். சொக்லேட் முட்டை வாங்கக் காசில்லை என்று கவலை வேண்டாம். அவித்த முட்டையைப் பீட்ரூட் சாற்றில் ஊறவைத்தால் போதும். மூடிக்கிடக்கும் ஓட்டை உடைத்துக் குஞ்சு வெளியே வருவதைப் பார்க்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? வீட்டில் ஆண் துணை இல்லையே, செபத்தை யார் நடத்துவது என்று தயங்கும் சகோதரிகள் மேலே சொன்ன பெண்களை நினைத்துக்கொள்ளட்டும்.

2019ஐயும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஆண்டு பெரிய வெள்ளியும் போயாவும் ஏப்ரல் 19ஆம் திகதி ஒரே நாளில் வந்தன. 21ஆம் திகதி காலையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சீயோனில் மாண்டவர்களில் பலர் சிறுபிள்ளைகள். இதைச் செய்தது ஒரு சிறு கும்பல்; பக்கத்து லேனில் இருக்கும் முஸ்லிம் குடும்பமோ எங்கள் கடை முதலாளியோ அல்லர் என்பதைப் பிள்ளை உங்கள் வாயால் கேட்கவேண்டும். மன்னிப்பைப் பற்றியும் பேசுங்கள். ஆனால் இழந்தவரிடம் மன்னிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது என்னால் ஏற்கமுடியாதது.

கோவிலுக்கு வரப் பயப்படும் பிள்ளையைத் திட்டவேண்டாம். கதவோரத்து வாங்கில் உட்காருங்கள். பயம் வந்தால் கையை அமத்தச் சொல்லுங்கள், உடனே வெளியே போவோம் என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.