முதியோருடன் மருத்துவமனையில் தங்கும் உறவினர்கள்: மைசூரு காட்டும் கணக்கில் வராத மனச்சுமை

மைசூரு: மருத்துவமனையில் சேர்க்கப்படும் முதியவருக்குப் படுக்கை எண் உண்டு, நோய்க் குறிப்பேடு உண்டு. இரவு பகலாக உடனிருக்கும் மகளோ மருமகளோ பெரும்பாலும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது மட்டுமே நினைவுகூரப்படுகிறார்.

மைசூருவின் பெரிய மருத்துவமனைகளுக்கு மண்டியா, சாமராஜநகர், குடகு மாவட்டங்களிலிருந்தும், தமிழக எல்லையிலுள்ள கூடலூர், தாளவாடிப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். கூடலூர்க் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். பந்திப்பூர் வனச்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை நீடிக்கிறது. ஆம்புலன்சுக்கு விலக்கு உண்டு. அக்காளை மாற்றிவிடச் சொந்த வண்டியில் வர வேண்டிய தம்பிக்கு இல்லை.

உறவினரின் உழைப்பை வெளிப்படையாக அங்கீகரித்த முயற்சி ஒன்றும் இதே நகரில்தான் நடந்தது. மருத்துவர் தேவி ஷெட்டியின் நாராயணா குழுமம் சிக்கனச் செலவில் இங்கு அமைத்த மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய எளிய பராமரிப்புப் பணிகளுக்குக் குடும்பத்தினருக்கே பயிற்சி அளிக்கப்பட்டது. செலவைக் குறைக்கும் வழியாக உலக ஊடகங்கள் இதைப் பேசின. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவருக்கு அச்சம் குறையும் என்பது உண்மையே. ஆனால் கட்டுப் போடக் கற்றுக்கொண்ட கைகளுக்கு உரியவரின் மனத்தை யார் கவனிப்பது என்பது தனிக் கேள்வி.

குறிப்பாக இரவு நேரக் குழப்பநிலை. நோய்த்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, சில மருந்துகள் ஆகியவற்றால் மருத்துவமனையிலுள்ள முதியவர்கள் திடீரென நினைவு தடுமாறுவது பரவலாகக் காணப்படுவது. பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் திட்டுவார். ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிவார். காரணம் நீங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும் நிலை இது. 'இப்படி நேரலாம், பயப்பட வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லப்படாதபோது, அப்பாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று நம்பி விடிய விடிய அழும் பிள்ளைகள் உண்டு.

அதைவிடக் கனமானது முடிவெடுக்கும் பொறுப்பு. வென்டிலேட்டர் வைப்பதா, வேண்டாமா? வெளிநாட்டிலுள்ள அண்ணன் தொலைபேசியில் ஒன்று சொல்வார். பணம் கட்டுபவர் வேறொன்று சொல்வார். கையெழுத்திடுபவர் அருகில் நிற்பவர். பின்னாளில் பழியும் அவருக்கே. உயிர்காக்கும் சிகிச்சை குறித்து ஒருவர் தம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைப்பதற்கான நடைமுறையை உச்ச நீதிமன்றம் 2023இல் எளிமையாக்கியது. அதைச் செயல்படுத்த கர்நாடக அரசு 2025 ஜனவரியில் சுற்றறிக்கை வெளியிட்டது. கண்ணியமான மரணம் பற்றியதாகவே இது விவாதிக்கப்பட்டது. உடனிருப்பவரின் குற்ற உணர்வைத் தணிக்கும் ஆவணமும் இதுவே என்பது அதிகம் பேசப்படவில்லை.

சட்டங்களும் நோயாளியோடு நின்றுவிடுகின்றன. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளின் கடமையை வலியுறுத்துகிறது. அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை கேட்கிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை அது ஏற்கும்; உடனிருப்பவர் இழக்கும் தினக்கூலியை ஏற்காது. அண்டை மாநிலமான கேரளம், படுக்கையில் கிடப்போரைப் பராமரிப்பவருக்கு 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில் மாதம் 600 ரூபாய் நிர்ணயித்தது. தொகை சிறிது. ஆயினும் பராமரிப்பவரைத் தனி ஆளாக அரசு அங்கே கண்டுகொண்டது.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இரவிலும் தமிழ், கன்னடம் உள்ளிட்ட மொழிகளில் இயங்குகிறது. உடனிருப்பவருக்கு வழங்கும் அனுமதிச் சீட்டின் பின்புறத்தில் அந்த ஐந்து இலக்கங்களை அச்சிட மருத்துவமனைகளுக்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.