விண்ணைத் தொடுதலும் ஊர் சேர்தலும்

பறப்பின் பயன் யாது? ஓரிடத்து மாந்தரை மற்றோரிடத்து மாந்தரோடு விரைவிற் சேர்ப்பதே அதன் பயன் என்பதை இரத்மலானை விமான நிலையத்தின் வரலாறு நன்கு உணர்த்தும். 1935 நவம்பர் 27 ஆம் நாள் அங்கு முதன்முதல் இறங்கியது சென்னையிலிருந்து வந்த சிறு விமானமொன்று. 1947 டிசெம்பர் 10 ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணமும் அங்கிருந்தே காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டது. பறந்தது டக்கோட்டா விமானம். போர்க்காலத்தில் உலகெங்கும் பழகிப்போன ஊர்திவகை. ஆயினும், அது மூன்று ஊர்களை ஒரு வழியிற் கோத்தது.

இந்த அளவுகோலைக் கொண்டே இன்று வியந்து பேசப்படும் பயணிகள் விண்விமானத்தையும் அளத்தல் வேண்டும். பூமியைச் சுற்றிவரும் வேகத்தை எட்டாது, விண்ணின் விளிம்பைத் தொட்டு மீளும் ஊர்தி அது. 2004 இல் அமெரிக்காவின் 'ஸ்பேஸ்ஷிப் வன்' 100 கிலோமீற்றர் உயரத்தைக் கடந்து 1 கோடி டொலர் பரிசை வென்றது. அதன் வழிவந்த வேர்ஜின் கலக்டிக் நிறுவனத்தின் 'யுனிற்றி' 2023 யூன் முதல் 2024 யூன் வரை கட்டணப் பயணிகளைச் சுமந்தது. தாய்விமானத்தினின்று விடுபட்டு, ஏறத்தாழ ஒரு நிமிடம் ரொக்கட் விசையால் எழுந்து, சில நிமிடங்கள் எடையின்மையை நல்கி, புறப்பட்ட ஓடுபாதையிலேயே அது மீண்டும் இறங்கிற்று. சென்றடைந்த ஊர் எது? எதுவுமில்லை. இதனைப் பயணம் என்பது சொல்லுக்கே இழுக்காகும்.

தொடக்கத்தில் விமானமும் செல்வர்க்கே உரியதாயிருந்தது, பின்னர் எளியோர்க்கும் எட்டியது, விண்விமானமும் அவ்வாறே ஆகும் என்பாருளர். இவ்வாதம் காரணத்தை மறந்த வாதம். கடிதமும் சரக்கும் தொழிலும் உறவும் மக்களை மீண்டும் மீண்டும் பறக்கத் தூண்டின. அத்தேவையே விமானங்களைப் பெருக்கிக் கட்டணத்தைத் தாழ்த்திற்று. எங்கும் கொண்டுசேர்க்காத பறப்புக்கு அத்தகைய தேவை எங்ஙனம் பிறக்கும்? 2 இலட்சம் டொலராக இருந்த அதன் கட்டணம் 2021 இல் 4½ இலட்சமாக ஏறியதேயன்றி இறங்கவில்லை.

இதுவே வளர்ந்து கொழும்பிலிருந்து இலண்டனுக்கு ஒரு மணி நேரத்திற் கொண்டுசெல்லும் என்பது அடுத்த வாதம். யுனிற்றி எட்டிய வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீற்றர். வளிமண்டலத்துக்கு வெளியே வளைந்து சென்று இலண்டனில் வீழ்வதற்கோ வினாடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர் வேகம் வேண்டும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின் அதற்குத் தேவை ஏறத்தாழ 50 மடங்கு ஆற்றல். மீளும்போது எழும் கடும் வெப்பம் வேறு. ஏணியில் ஏறினவன் மலைக்குப் பாதி வழி வந்துவிட்டான் எனல் பொருந்துமா? உண்மையாகவே ஊர்களை இணைத்த கொன்கோர்ட் விமானமும் 1976 முதல் 2003 வரை மட்டுமே கட்டணப் பயணிகளோடு பறந்து ஓய்ந்தது.

இவ்வாறு கூறுதல் அறிவியலைப் பகைத்தலாகாது. தும்பாவிலிருந்து 1963 முதல் ஆளில்லா ரொக்கட்டுகள் மேல்வளியை ஆராய்ந்துள்ளன. 2016 மே 23 இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இறக்கை பூண்ட ஆளில்லா ஊர்தியை 65 கிலோமீற்றர் உயரம்வரை பறக்கவிட்டது. செய்மதிகளை ஏவும் செலவைக் குறைப்பதே அம்முயற்சியின் நோக்கம். பொருந்திய நோக்கம் இருப்பின் அத்தொழில்நுட்பமும் போற்றற்குரியதே.

இலங்கையிலோ வேறொரு மயக்கமும் உண்டு. 2020 யூலையில் அரசின் விமானத் துறை, இராவணனின் வான்பயணம் பற்றிய சான்றுகளைத் தருமாறு பொதுமக்களிடம் விளம்பரம் மூலம் கேட்டது. பழம்பெருமை தேடுவோரும் பிறர் வேடிக்கையைக் கண்டு ஏங்குவோரும் செய்யும் பிழை ஒன்றே: உயரத்தைப் போற்றி, பயனை மறத்தல்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழர்க்கு இரத்மலானை வெறும் ஓடுபாதையன்று. 1983 யூலையில் வீடிழந்த ஆயிரக்கணக்கானோர் அவ்விமான நிலையத்தில் அகதிகளாகத் தங்கினர். போரினால் தரைவழி அடைபட்ட காலத்தில் ஊருக்குச் செல்லும் வாசலும் அதுவாயிற்று. 1998 செப்டெம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட விமானம் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டனர். அவர்கள் வேடிக்கைக்காக ஏறியவர்களல்லர். வேறு வழியின்றி ஏறியவர்கள். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னைச் சேவையோ 2020 இல் நின்று, 2022 டிசெம்பரிலேயே மீண்டது. இரத்மலானை, பலாலி, சென்னை என 1947 இல் கோக்கப்பட்ட வழி இத்தனை எளிதில் அறுபடலாமா?

இரத்மலானைக்கு அண்மையிலேயே, கட்டுபெத்தையில், ஆதர் சி. கிளார்க் நிறுவகமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் உள்ளன. அங்கு பயிலும் இளைஞர் வானை நோக்கட்டும். வெள்ளத்தை முன்னறியும் செய்மதியையும், எளியோர்க்குக் கட்டுபடியாகும் சிறு விமானத்தையும் எண்ணட்டும். அரசு, எவ்வகை ஆட்சியிலும் அறுபடாத ஒழுங்கான சேவையை அப்பழைய வழியில் நிலைநிறுத்தட்டும். நோயுற்ற தாயைக் காண மாலையிற் புறப்படும் மகன் இரவுக்கு முன் ஊர் சேர்வானாயின், அப்பறப்பே உயர்ந்த பறப்பு.