கேட்கக் கற்றுக்கொண்ட மாலுமி

ஜிம்மி கார்ட்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள்: தோற்றுப்போன அதிபர், பதவி போன பிறகு உயர்ந்த மனிதர். 2024 டிசம்பர் 29 அன்று தமது 100ஆவது வயதில் அவர் மறைந்தபோதும் இந்த இரண்டையும் நிறையவே படித்தோம். ஆனால் அவர் ஏழு ஆண்டுகள் கடற்படை அதிகாரி, எழுபத்தேழு ஆண்டுகள் ஒருத்திக்குக் கணவர். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றியது. ஒன்று கற்றுக்கொடுத்ததை மற்றொன்று திருத்தியிருக்கிறது.

ஜார்ஜியா மாநிலத்தின் ப்ளெய்ன்ஸ், கடலுக்கு வெகு தொலைவிலுள்ள வேர்க்கடலைச் சீமை. கடற்படையில் ரேடியோ பிரிவில் இருந்த தாய்மாமன் டாம் கார்டி, போன துறைமுகங்களிலிருந்தெல்லாம் போட்ட தபால் அட்டைகள்தாம் அந்த ஊர்ச் சிறுவனுக்குக் கடலைக் காட்டின. 1941இல் குவாம் தீவில் மாமா ஜப்பானியரிடம் பிடிபட்டார். இறந்துவிட்டார் என்றே வீட்டில் முடிவுகட்டினார்கள்; மனைவி மறுமணம் செய்துகொண்டார். போர் முடிந்ததும் மனிதர் உயிரோடு வந்து நின்றார். கடற்படை வேலை ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்பதை அண்ணாபோலிஸ் கடற்படைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மருமகன் தெரிந்தேதான் வைத்திருந்தார்.

1946 ஜூனில் பட்டம், ஜூலை 7இல் ரோஸலினுடன் திருமணம். மூத்தவன் 1947இல் வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத்திலும், அடுத்தவன் 1950இல் ஹொனலுலுவிலும், மூன்றாமவன் 1952இல் நியூ லண்டனிலும் பிறந்தார்கள். கணவர் கடலில் இருந்த நாட்களில் கைக்குழந்தை, வாடகை, கடைகண்ணி எல்லாவற்றையும் ரோஸலின் தனியாகவே பார்த்தார். பதினெட்டு வயதில் ஊரைவிட்டு வந்த பெண் அப்படித்தான் தன் காலில் நிற்கப் பழகினார். அந்த வாழ்க்கை அவருக்குப் பிடித்தும் போனது.

கார்ட்டரின் கடற்படை வாழ்க்கையில் இரண்டு கட்டங்கள் முக்கியமானவை. பாம்ஃப்ரெட் என்ற நீர்மூழ்கிக் கப்பலில் இரவுக் காவலில் நின்றபோது, புயலில் எழுந்த அலை அவரை மேல்தளத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனது. கப்பலின் பின்பக்கம் இருந்த பீரங்கியின்மேல் வந்து விழுந்ததால் பிழைத்தார். அலை சற்றுச் சாய்ந்து வந்திருந்தால் கடலோடு போயிருப்பார். 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் அணு உலையில் விபத்து. உதவப் போன அமெரிக்கக் கடற்படைக் குழுவுக்குக் கார்ட்டர் தலைமை. டென்னிஸ் திடலில் உலையின் மாதிரியைக் கட்டி, எந்த மறையை யார் எந்த வரிசையில் கழற்றுவது என்று ஒத்திகை பார்த்தார்கள். உள்ளே கதிர்வீச்சின் நடுவே ஒவ்வொருவருக்கும் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். அங்கே ஒருவர் முடிவெடுக்க மற்றவர்கள் செய்துமுடிக்க வேண்டும். கலந்து பேச நேரம் கிடையாது.

1953இல் தந்தை புற்றுநோயில் இறந்தார். படுக்கையருகே இருந்த நாட்களில், தந்தையால் உதவி பெற்றவர்கள் ஒவ்வொருவராய் வந்து சொன்னதைக் கேட்ட மகன், கடற்படையை விட்டு ஊருக்கே திரும்புவது என்று முடிவெடுத்தார். கப்பலில் முடிவெடுப்பதுபோலவே எடுத்தார், ரோஸலினைக் கேட்கவில்லை. அவருக்குக் கோபமான கோபம். ஊர் திரும்பிய கார்ப் பயணத்தில் கணவரிடம் நேராகப் பேசவே இல்லை. சொல்ல வேண்டியதை மூத்த மகன் வழியாகவே சொன்னாராம். முதல் ஆண்டு வறட்சி, அரசுக் குடியிருப்பில் வாசம். பிறகு வேர்க்கடலைக் கிடங்கின் கணக்குப் புத்தகம் ரோஸலின் கைக்கு வந்தது. எதில் லாபம், எதில் நஷ்டம் என்று கணவரைவிட அவருக்கே நன்றாகத் தெரிந்தது.

அப்போதும் பழைய பழக்கம் முழுதாகப் போகவில்லை. 1962இல் ஒரு நாள் வேலைநாள் உடைக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று மனைவி கேட்ட பிறகுதான், மாநில செனட் தேர்தலில் நிற்கப்போவதைச் சொன்னார். இந்த இரண்டு சம்பவங்களையும் கார்ட்டரே சொல்லியிருக்கிறார். மனைவியைக் கேட்காமல் எப்படி அப்படி நடந்துகொண்டோம் என்று முதுமையில் வியந்து எழுதினார்.

அதற்குப் பிந்தைய கார்ட்டர் வேறு ஆள். அவர் அதிபரானபின் ரோஸலின் அமைச்சரவைக் கூட்டங்களில் வந்து உட்கார்ந்தார். 1977இல் கணவரின் தூதராக லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகள் ஏழுக்குப் போய் அரசியலே பேசினார். முணுமுணுத்தவர்களைக் கார்ட்டர் பொருட்படுத்தவில்லை. 1980களில் இருவரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். ஒருவர் எழுத்தை மற்றவர் திருத்தியதில் மணவாழ்க்கையே முறியும் அளவுக்குச் சண்டை. ஒத்துப்போகாத பத்திகளை ஜே, ஆர் என்று அவரவர் முதலெழுத்தோடு தனித்தனியே அச்சிட்டுவிடலாம் என்று பதிப்பாசிரியர் வழிசொன்ன பிறகே புத்தகம் முடிந்தது.  கோபத்தோடு தூங்கப் போவதில்லை என்பது இருவரும் வகுத்துக்கொண்ட விதி. இரவில் விவிலியத்தை ஸ்பானிஷ் மொழியில் ஒருவருக்கொருவர் வாசித்தார்கள்.

இதனால் அவர் புனிதராகிவிடவில்லை. மனித உரிமை பேசிய அதே அரசு, கிழக்குத் தைமூரை ஆக்கிரமித்திருந்த இந்தோனேசியாவுக்கு ஆயுதம் விற்றது. 1980இல் ஈரானில் இருந்த அமெரிக்கப் பணயக் கைதிகளை மீட்கப்போன நடவடிக்கையில் எட்டு வீரர்கள் மாண்டார்கள். வீட்டில் நல்லவர் என்பது நாட்டுக் கணக்கை நேர் செய்துவிடாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஆனால் எழுத வேண்டும் என்பதே நம் கட்சி. நம் ஊர் அஞ்சலிக் குறிப்புகளில் பட்டமும் பதவியும் பத்தி பத்தியாக வரும். “அவருக்கு மனைவியும் இரு மகன்களும் உள்ளனர்” என்று வீடு கடைசி வரியில் முடிந்துவிடும். படைவீரர் என்றால் பதக்கப் பட்டியல் இன்னும் நீளும். குடும்பத்தை நேசித்தவர் என்று ஒரு வாக்கியம் சேர்த்தாலும் அது வெறும் நற்சான்றிதழ். அவர் யாரைக் கேட்காமல் முடிவெடுத்தார், எப்போது கேட்கத் தொடங்கினார், கப்பல் போன மாதங்களில் வீட்டை யார் இழுத்தார்கள் என்பதெல்லாம் அந்த வாக்கியத்தில் இருக்காது. மறைந்தவர்களைப் பற்றி நம் இதழுக்கு எழுதும் நண்பர்கள் இனிமேல் அந்த வீட்டுக்குள்ளும் போய்ப் பேசிவிட்டு எழுதட்டும். கட்டுரை இரண்டு பக்கம் கூடினால் இடம் தருவது எங்கள் பொறுப்பு.