செய்தி அனுப்பினோம், போய்ப் பார்த்தோமா?

அண்மையில் கணவரை இழந்த ஒரு தாயாரைக் காண இலண்டனின் புறநகர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்து மூன்று கிழமைகள் கடந்திருந்தன. மரணச் செய்தி வெளியான அன்று முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் நூற்றுக்கணக்கான இரங்கல்கள் குவிந்ததை நாமும் கண்டிருந்தோம். தேநீர்க் கோப்பையை எம்முன் வைத்தபடி அந்தத் தாயார் சொன்னார்: "ரெலிபோன் ஓயாமல் சத்தம் போட்டது தம்பி. செலவு வீடு முடிஞ்ச பிறகு கதவு மணிதான் அடிக்கேல்லை."

அந்த இரங்கல்களுள் ஒன்று எம்முடையது. ஆகவே இக்குற்றச்சாட்டை நாம் எம்மிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

இக்கருவிகள் எமக்குச் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. 1990களில் யாழ்ப்பாணத்திலிருந்த பெற்றோரின் குரலைக் கேட்பதற்கு, அவர்கள் பல தடைகளைக் கடந்து கொழும்புக்கு வந்து, விடுதியொன்றில் எமது அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. நாமோ தொலைபேசி அட்டையில் எஞ்சிய நிமிடங்களை எண்ணியபடி பேசினோம். இன்று பேரக்குழந்தை தளிர்நடை பயில்வதை ஊரிலுள்ள அம்மம்மா அக்கணமே காண்கிறார். போரினால் நாடு நாடாகச் சிதறிய ஓர் இனத்துக்கு இது சிறிய பேறு அல்ல.

ஆயினும், தூரத்தில் உள்ளவரை அருகே கொணர்ந்த அதே கருவியை, நடந்து போகும் தூரத்தில் உள்ளவருக்கும் போதுமென நாம் எண்ணத் தொடங்கியதே தவறு. 2004இல் தோன்றிய முகநூல் விளம்பர வருமானத்தில் வளர்ந்த நிறுவனம். எமது கண்கள் திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கின்றனவோ, அவ்வளவுக்கு அதற்கு வருவாய். நாம் எழுந்து அயல்வீட்டுக்குச் செல்வதால் அதற்கு இலாபம் எதுவுமில்லை.

மற்றொரு பாதிப்பும் உண்டு. திரையில் திருமணமும் புதுவீடும் பட்டமளிப்பும் தெரிகின்றன. நிராகரிக்கப்பட்ட அகதி விண்ணப்பமும் சீட்டுக் கடனும் உறக்கமற்ற இரவும் அங்கு தெரிவதில்லை. வழக்கின் முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளைஞர், பிறரின் மகிழ்ச்சியைப் பார்த்துத் தான் மட்டுமே தோற்றுவிட்டதாக மனம் குமைகிறார். அவரே, தாய் கவலைப்படுவார் என அஞ்சி, இரவல் சட்டை அணிந்து யாரோ ஒருவரின் வாகனத்தருகே சிரித்தபடி நின்று படம் அனுப்புகிறார். அப்படத்தைப் பார்த்து வேறொருவர் ஏங்குகிறார்.

இது எமக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. 2018 சனவரியில் பிரித்தானிய அரசு தனிமைப் பிரச்சினைக்கென ஓர் அமைச்சரை நியமித்தது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டுள்ளதாகவும், ஆண்டுதோறும் சுமார் 8,71,000 மரணங்கள் தனிமையுடன் தொடர்புபட்டவை எனவும் உலக சுகாதார நிறுவனம் 2025 யூனில் அறிவித்தது. நோய், வறுமை, தனித்து வாழ்தல் ஆகியவற்றையும் அது காரணங்களாகச் சுட்டியது. எல்லாப் பழியையும் திரையின் மேல் சுமத்துவது நேர்மையாகாது. ஆனால் மொழி தெரியாத நாட்டில் பகல் முழுவதும் பூட்டிய வீட்டில் இருக்கும் எமது முதியோருக்கு, வாசலில் வந்து நிற்கும் மனிதருக்கு ஈடு வேறில்லை.

"நேரம் எங்கே?" என்று கேட்போர் உளர். அன்றும் நாம் இரண்டு வேலை செய்தோம். வாகனம் இல்லாமலே, பேருந்தில் சோற்றுப் பானையுடன் நோயாளி வீட்டுக்குப் போனோம். அன்று எம்மிடையே வம்பும் பிணக்கும் இருந்தன என்பதும் உண்மையே. ஆனால் பிணங்குவதற்கேனும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தோம்.

கைத்தொலைபேசியை எறிந்துவிடும்படி நாம் கேட்கவில்லை. அதனை, "ஞாயிறு பின்னேரம் வரலாமா?" என்று கேட்கப் பயன்படுத்துவோம். கிழமைக்கு ஒரு வீடு. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை வாசலில் வாகனத்துக்குள் குனிந்திருக்கும் நேரத்தில், பக்கத்து வாகனத்துக் கண்ணாடியைத் தட்டிப் பேசுவோம். துக்கம் நிகழ்ந்த வீட்டுக்கு முப்பத்தோராம் நாளின் பின்னரும் ஒருமுறை போவோம்.

அந்தத் தாயார் வீட்டிலிருந்து விடைபெறுகையில் அவர் கேட்டது ஒன்றே: "திரும்ப எப்ப வருவியள்?" நாள் குறித்துக் கொடுத்துவிட்டே வந்தோம்.