பிள்ளைகளின் கணக்கு எங்கே?

தோட்டங்கள் அழிந்தன, நகரங்கள் எழுந்தன. சீபீல்டு ரப்பர் தோட்டம் 1976 முதல் சுபாங் ஜெயாவாக மாறத் தொடங்கியது. எப்பிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமா ஆயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டத்து மண்ணிலே ஷா ஆலம் எழுந்தது. லயங்கள் போயின, மரங்கள் போயின. அந்தத் தோட்டங்களின் பெயரை இன்றும் தாங்கி நிற்பவை தமிழ்ப்பள்ளிகளே!

லயத்தை விட்டு வெளியேறிய நம் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இன்று இத்தகைய புறநகர்களில், அடுக்குமாடி வீடுகளிலே வளர்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு, பக்கத்திலுள்ள தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே படிவம் மூன்றை எட்டும் வரை அவர்கள் கதி என்ன? இதைத்தான் தொழிலாளத் தோழர்களும் கிராணிமார்களும் சிந்திக்க வேண்டும்.

பள்ளிகளைத் தரம் பிரிப்பதில் நம் நாட்டார்க்கு ஆர்வம் அதிகம். 2010இல் அரசாங்கமே பள்ளிகளை ஒன்று முதல் ஏழு வரை தரம் பிரித்தது. அதில் தேர்வு முடிவுக்கே பெரும்பங்கு. இந்தப் பள்ளி நல்ல பள்ளி, அந்தப் பள்ளி மட்டமான பள்ளி என்று பெற்றோரும் பேசத் தொடங்கினர். ஆனால் அந்தப் பள்ளிக்குள் நுழைந்த பிள்ளைகள் யார் என்று கேட்டவர் எத்தனை பேர்?

மரம் வெட்டுகிற நமக்கு இது புதிய நியாயமன்று. இளமரக் காட்டில் வெட்டுகிறவனுக்குப் பால் வாளி நிறையும். கிழமரக் காட்டில் வெட்டுகிறவனுக்குப் பாதிகூட வராது. இருவரையும் ஒரே தராசில் நிறுத்து, இவன் உழைப்பாளி, அவன் சோம்பேறி என்று சொன்னால் நாம் ஒப்புவோமா? பள்ளிக்கு மட்டும் வேறு நியாயமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் சேர்ந்த நூறு பேரில் 90 பேர் மலாய் மொழியில் தேறியவர்கள். மூன்று ஆண்டு கழித்து 85 பேர் தேறினர். மற்றொரு பள்ளியில் 40 பேரே தேறியவர்களாய் வந்தனர். மூன்று ஆண்டு கழித்து 65 பேர் தேறினர். பட்டியலில் முதற்பள்ளியே மேலே நிற்கும். பாடுபட்டுப் பிள்ளைகளைத் தூக்கிவிட்ட பள்ளி எது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதுதான் அதிக ஆபத்தானது. நூற்றுக்கு எண்பது பேர் தேறிய பள்ளி என்று பெயர் வாங்கியிருக்கும். தேறாத இருபது பேரில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. நல்ல பள்ளி என்ற பெயருக்குள்ளேயே நம் பிள்ளை கடைசி வகுப்பில் உட்கார்ந்து தோற்றுப் போகலாம்.

தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியதால் வந்த வினை என்பார் சிலர். 2013–2025 கல்வி மேம்பாட்டுத் திட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். ஆறாம் ஆண்டு மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி பெற்றோர் தேசியப் பள்ளிகளில் நூற்றுக்கு 87 பேர். சீனப்பள்ளிகளில் 63 பேர். தமிழ்ப்பள்ளிகளில் 57 பேர். இது மொழியிலுள்ள குறை, அறிவிலுள்ள குறையன்று. மற்றப் பள்ளிகளுடனான இடைவெளியைத் தமிழ்ப்பள்ளிகள் விரைவாகக் குறைத்து வந்ததையும் அதே திட்டம் ஒப்புக்கொண்டது.

மொழியில் தேறாத பிள்ளைக்கென்று ஏற்பட்டது புகுமுக வகுப்பு. பதின்மூன்று வயதில் படிவம் ஒன்றில் உட்கார வேண்டிய பிள்ளை, பதினான்கு வயதில்தான் அங்கே போகிறது. நல்ல ஆசிரியர் அமைந்தால் அந்த ஓராண்டு ஏணி, அமையாவிட்டால் வீண். கூடப் படித்தவன் முன்னே போய்விட்டான் என்ற வெட்கமும், வீட்டில் வருமானக் குறைவும் சேர்ந்தால், பதினாறு வயதுப் பையனுக்குப் பள்ளி கசக்கிறது. லாரி அட்டெண்டன்ட் வேலை இனிக்கிறது.

முன்பு அவன் தடுமாறுவது தேர்வு முடிவிலாவது வெளிப்பட்டது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டது. தேர்வின் பயம் பிள்ளைகளை விட்டு நீங்கியது நல்லதே. ஆனால் ஆபத்தைச் சொல்லும் மணியும் அத்துடன் நின்றுவிட்டது. புதிய மதிப்பீடு எது வந்தாலும், நாம் கேட்காமல் நம் பிள்ளையின் நிலை நமக்குத் தெரியப் போவதில்லை. படிவம் ஐந்தில் எஸ்.பி.எம். முடிவைப் பார்த்துக் கண்ணீர் விடுவதில் பயன் என்ன?

ஆகவே, புறநகர் இடைநிலைப்பள்ளி ஒவ்வொன்றும் கணக்குக் காட்ட வேண்டும். எந்தெந்த ஆரம்பப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் வந்தனர்? புகுமுக வகுப்புக்குப் போனவர் எத்தனை பேர்? அவர்களில் படிவம் மூன்றை எட்டியவர், படிவம் ஐந்தை முடித்தவர் எத்தனை பேர்? நடுவிலே நின்றவர் எங்கே? இது சலுகையன்று, உரிமை. மலாய்ப் பிள்ளையோ, சீனப் பிள்ளையோ, ஏழை வீட்டுப் பிள்ளைகள் எல்லார்க்கும் இந்தக் கணக்கால் நன்மையே விளையும்.

கணக்கோடு வேலையும் நடக்க வேண்டும். சேர்ந்த முதல் மூன்று மாதத்திலேயே மலாய் மொழியில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து தனி வகுப்பு நடத்த வேண்டும். கடைசி வகுப்பில் போட்ட பிள்ளையை அங்கேயே ஐந்தாண்டு விட்டுவைக்கும் வழக்கம் எங்கிருந்தாலும் ஒழிய வேண்டும்.

இதையெல்லாம் யார் கேட்பது? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நம்மவர் நாற்காலி காலியாகக் கிடந்தால் யாரும் கேட்கமாட்டார். மலாய் பேசக் கூச்சப்படும் பெற்றோருக்குத் துணையாகப் படித்த கிராணிமார்கள் உடன் செல்லட்டும். மனு எழுதிக் கொடுக்கட்டும். ஒரு ராத்தல் பால் குறைந்தாலும் நிறுவைக் கொட்டகையில் நியாயம் கேட்டவர்கள் நாம். பிள்ளை குறைந்தால் வாய்மூடி இருக்கலாமா?

அடுத்த கூட்டத்திற்குத் தவறாமல் செல்லுங்கள். பிள்ளைகளின் கணக்கைக் கேளுங்கள்!