ஜாயின்ட்டைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க!

ப்ரீகாஸ்ட் என்றாலே நமக்கு என்ன ஞாபகம் வரும் நண்பர்களே? ஃபேக்டரியில் வார்த்த சுவரும் தளமும் லாரியில் வரும். கிரேன் தூக்கி வைக்கும். கட்டடம் மடமடவென்று எழும்பும். பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் இப்படியே கட்டிடலாம்னு செமினாரில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருப்போம்.

நானும் அதே கட்சிதான். ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் ஷட்டரிங் பலகை மிச்சம். ஹாலோ கோர் தளத்தில் நடுவே ஓட்டை விட்டு வார்ப்பதால் கான்கிரீட்டும் மிச்சம். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 7-8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பால் வருது. அப்போ இது சின்ன விஷயமில்லை.

ஆனா ஒரு கேள்வி. பேனலும் பேனலும் சேருகிற இடத்தில் என்ன இருக்கு?

1968 மே 16. கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிப் பொதுக் குடியிருப்பு. திறந்து இரண்டு மாதம்தான். 18-வது மாடியில் ஒரு பெண்மணி டீ போட அடுப்பைப் பற்ற வைக்க, கசிந்திருந்த கேஸ் வெடித்தது. சுவர் பேனல் வெளியே பிடுங்கிக்கொண்டு போனது. தாங்க ஆளில்லாமல் மேல் மாடிகள் விழ, அந்த எடையில் கீழ் மாடிகளும் சரிந்தன. ஒரு மூலை முழுக்கப் போச்சு. 4 பேர் இறந்தார்கள். பிறகு சரிசெய்யப்பட்டு மக்கள் வாழ்ந்த அதே கட்டடத்தை 1986-ல் பிரித்தபோது, காரை இருக்க வேண்டிய ஜாயின்ட்களில் பழைய நியூஸ்பேப்பர் திணித்திருந்தது தெரிந்தது!

லண்டன் கதைதானேன்னு விட முடியாது. 2001 ஜனவரி 26, பூஜ் நிலநடுக்கத்தில் கட்ச் பகுதியின் ப்ரீகாஸ்ட் பள்ளிக் கட்டடங்கள் பல இடிந்தன. கூரைப் பலகைகள் சரியாகப் பிணைக்கப்படாதது முக்கியக் காரணம். அன்று குடியரசு தினம். வகுப்பு நடக்கும் நாளாக இருந்திருந்தால்?

சைட்டிலேயே வார்க்கும் கட்டடத்தில் கம்பி தொடர்ந்து ஓடும். ப்ரீகாஸ்ட்டில் அந்தத் தொடர்ச்சியை நாமதான் கொடுக்கணும். ஒரு பேனல் போனாலும் மற்றவை நிற்கும்படி, குறுக்கும் நெடுக்கும் கம்பியால் கட்டி, கிரௌட் நிரப்பணும். மூடிய பிறகு அதை யாரும் பார்க்க முடியாது. அதனால் மூடும் முன்பே ஒவ்வொரு ஜாயின்ட்டையும் ஒரு இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது என் கருத்து. லேட் ஆகுமா? ஆகட்டுமே. ஃபேக்டரியில் மிச்சமான நாட்களில் கொஞ்சத்தை இங்கே செலவழிப்போம். இடிந்தால் மிச்சம் பிடித்த சிமென்டை மறுபடி கொட்டலாம். போன உயிரை?

அடுத்த சைட் விசிட்டில் கிரேனோடு செல்ஃபி எடுங்க, தப்பில்லை. அப்படியே ஜாயின்ட் பக்கம் குனிஞ்சு பாருங்க. உள்ளே இருப்பது கிரௌட்டா, பேப்பரா?