கட்டளை மட்டும் போதுமா?

விழுப்புரம் சந்திப்பிலிருந்து திண்டிவனம், விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை என ஐந்து திசைகளில் இருப்புப் பாதைகள் செல்கின்றன. பள்ளிக் கண்காட்சிக்கு இதைவிட நல்ல மாதிரி ஏது? பொம்மை ரயிலும் பாயிண்டுகளும் அமைத்து, கணிப்பொறியால் இயக்கலாம்.

கணிப்பொறியின் 9 ஊசி சீரியல் போர்ட்டில் 3-ஆம் ஊசி செய்தியை அனுப்பும்; 2-ஆம் ஊசி பெறும்; 5-ஆவது பொதுக் கம்பி. புதிய கணிப்பொறிகளுக்கு யு.எஸ்.பி. மாற்றி தேவைப்படும். மோட்டாரை நேரே இணைக்கக் கூடாது. இடையில் ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று வேண்டும்.

அனுப்பும் கம்பி ஒன்றே ரயிலை ஓட்டிவிடும். ஆனால் அது போதாது என்பேன். "திண்டிவனம் பாதைக்கு மாறு" என்று கட்டளை போகிறது. பாயிண்ட் பாதியில் சிக்கிக்கொண்டால்? கணிப்பொறி அதை அறியாது. பச்சை விளக்கைப் போட்டுவிடும். எனவே பாயிண்டின் அருகில் சிறு சுவிட்ச் பொருத்தி, அதன் நிலையை 2-ஆம் ஊசி வழியே திரும்பப் பெறுங்கள். சரியான பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

இது விளையாட்டுக்கு மட்டுமா? 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்ப்பாதையின் பச்சை சிக்னல் கிடைத்தது. பாயிண்டோ கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. ரயில் அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் சுற்றில் நேர்ந்த தவறான கம்பி இணைப்பை விசாரணை சுட்டியது. பாயிண்டின் உண்மை நிலை சிக்னலுக்கு எட்டவில்லை.

மாணவர்களே, உங்கள் மாதிரியை முடித்ததும் ஒரு பதில் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். ரயில் நின்றால்தான் அது நல்ல மாதிரி.